பத்தாம் ஆண்டுச் சொற்பொழிவு

ஜனவரி 12

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. உனக்கும் உன் மனைவிக்கும் மகள் குருவிக்கும் அந்த ஊர்க் குளிர் பழகிவிட்டதா?

உறையைப் பார்த்ததுமே சிரித்திருப்பாய். சிரித்துக்கொள். வாரம் ஒருமுறை தொலைபேசியில் நாம் என்ன பேசிவிடுகிறோம்? நீ சாப்பிட்டாயா என்பாய், நான் சாப்பிட்டேன் என்பேன், அதற்குள் இணைப்பு அறுந்துவிடும். கைப்பேசியில் கட்டைவிரலால் குத்திக் குத்தி எழுதுவதும் எனக்கு வரவில்லை. இனி எதுவானாலும் காகிதத்தில் எழுதி அனுப்பு. குருவியையும் எழுதச் சொல். ஒன்பது வயதாகிறது, கையெழுத்தாவது திருந்தும்.

செய்தி இரண்டு. பேருந்து நிலைய விசாரணைச் சன்னலில் பத்தொன்பது வருடம் உட்கார்ந்தது போதும் என்று மாற்றல் கேட்டு வாங்கிவிட்டேன். இப்போது மாடியில், கால அட்டவணைப் பிரிவு. எதிரே சுவர், பக்கத்தில் விளக்கு, முன்னால் காகிதம். யாரும் எதையும் கேட்டு வருவதில்லை. நிம்மதி.

இரண்டாவது, அப்பா நினைவுச் சொற்பொழிவுக்கு இந்த நவம்பரில் பத்தாவது ஆண்டு. நீ ஒருமுறைகூட வந்ததில்லை, அதனால் விவரமாகவே சொல்கிறேன். நூலகத்து மாடிக் கூடம். வெளியிலிருந்து ஒரு பேச்சாளர் வந்து, அப்பா எழுதிய அரசியல் தத்துவத்தில் ஒரு இழையை எடுத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசுவார். பிறகு கேள்வி நேரம். அதை நடத்துவது நான். தலைவர் நம் 'ஒரு நிமிஷம்' மாமாதான். அப்பாவிடம் படித்த அதே பேராசிரியர். இன்னமும் "ஒரு நிமிஷம்" என்று ஒலிபெருக்கியைப் பிடித்தால் நாற்பது நிமிடம் விடமாட்டார். போன வருடம் கேள்வி நேரத்தில் சின்னதாக ஒரு மனத்தாங்கல். பெரிதாக ஒன்றுமில்லை.

பத்தாவது ஆண்டுக்காவது நீ வர வேண்டும். குடும்பத்தின் சார்பில் ஐந்து நிமிடம் பேசு. உன் மனைவியைக் கேட்டதாகச் சொல். தொண்டையை மூடிக்கொண்டு வேலைக்குப் போ.

உன் அக்கா


பிப்ரவரி 3

அக்கா,

உன் கடிதம் பன்னிரண்டு நாள் ஊர் சுற்றிவிட்டு வந்து சேர்ந்தது. நாங்கள் மூவரும் சுகம். எனக்கு மட்டும் முழங்காலில் பிடிப்பு. பதினாலு மாடிக் கட்டடம் ஒன்றில் நான்கு லிஃப்ட் பொருத்துகிறோம். லிஃப்ட் ஓடும்வரை லிஃப்ட் மெக்கானிக் படியில்தான் ஏற வேண்டும் என்பதை யாரும் யோசிப்பதில்லை. நீ எப்படி இருக்கிறாய் என்று ஒழுங்காக எழுது, 'குறை இல்லை' என்று ஒரு வரியில் முடிக்காதே.

நான் பேசுவதாவது? அப்பாவின் புத்தகத்தை நான் படித்ததே இல்லை. அவர் மேசையில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தால் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துபோனவன் நான். அது உனக்கும் தெரியும், ஒரு நிமிஷம் மாமாவுக்கும் தெரியும். லீவு கிடைத்தால் வந்து கடைசி வரிசையில் உட்காருகிறேன். அதற்கு மேல் கேட்காதே.

விசாரணைச் சன்னலை விட்டுவிட்டாய் என்பதை நம்பவே முடியவில்லை. மனிதர்கள் வழி கேட்பதுதான் உனக்கு உயிர் என்று நினைத்திருந்தேன். அது என்ன மனத்தாங்கல்?

இன்னொன்று. கடிதம் எழுது, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் போனையும் எடு. குருவி ஞாயிற்றுக்கிழமை ஆனால் உன்னோடு பேச வேண்டும் என்று காத்திருக்கிறாள். போன மாதம் இரண்டு முறை நீ எடுக்கவில்லை. "அத்தைக்கு என்மேல கோவமாப்பா?" என்கிறாள்.

தம்பி


பிப்ரவரி 22

அன்புத் தம்பிக்கு,

முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. நீ கேட்டபடியே விவரமாக எழுதுகிறேன்: பசி எடுக்கிறது, தூக்கம் வருகிறது, கண் கண்ணாடி இல்லாமல் ஊசியில் நூல் கோக்கிறேன். போதுமா?

அப்பாவின் பெரிய புத்தகத்தைத் தனியாக அனுப்பியிருக்கிறேன். முதல் நாற்பது பக்கம் கரடுமுரடு. பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டிவிட்டால் அதற்கப்புறம் மனிதர் நம்மோடு பேசுகிற மாதிரியே இருக்கும். எழுந்துபோக ஆசை வந்தால் மூடிவை, யாரும் வருத்தப்படப்போவதில்லை.

இந்தப் பிரிவில் வேலை பிடித்திருக்கிறது. நூற்றுப் பதினாறு தடங்கள். ஒரு வண்டியை ஐந்து நிமிடம் முன்னால் நகர்த்தினால் ஊரின் இன்னொரு கோடியில் யாரோ ஒருவருக்கு இணைப்பு வண்டி தவறிவிடும். சதுரங்கம் மாதிரி. உனக்குப் பிடிக்கும்.

குருவிக்கு என் கையால் வரைந்த பேருந்துப் படம் ஒன்று இத்துடன் இருக்கிறது. சன்னல்களில் உட்கார்ந்திருப்பவர்கள் நம் குடும்பம். ஓட்டுநர் அவள்தான். கோபம் எல்லாம் இல்லை என்று சொல்.

உன் மனைவிக்கு என் அன்பு.

அக்கா


மார்ச் 30

அக்கா,

நாங்கள் சுகம் என்று எழுத இன்று மனம் வரவில்லை. சுகம்தான், ஆனாலும்.

புத்தகம் வந்தது. மதிய இடைவேளையில் லிஃப்டின் கூரைமேல் உட்கார்ந்து படிக்கிறேன், வெளிச்சம் அங்கேதான் நன்றாக இருக்கிறது. நாற்பது பக்கம் தாண்டிவிட்டேன். 'ஒரு முடிவு யார் தலையில் விழுகிறதோ அவரைக் கேட்காமல் எடுத்தால் அதற்கு முடிவு என்று பெயரில்லை, வெறும் உத்தரவு' என்று ஓரிடத்தில் சொல்கிறார். நம் வீட்டில் தொலைக்காட்சி வேண்டாம் என்று முடிவெடுத்தபோது என்னைக் கேட்டாரா என்று பக்க ஓரத்தில் எழுதிவைத்திருக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிறு ஒருவழியாக நீ போனை எடுத்தாய். குருவி பள்ளிக்கூடப் படியில் விழுந்து முன்பல் உடைந்துவிட்டது. இரண்டு நாள் அழுகை. வெளியில் யாரிடமும் சொல்லாமல் உன்னிடம்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தாள். "அத்தை, பல்லு உடைஞ்சிடுச்சு" என்றாள். நீ "ரொம்ப சந்தோஷம் கண்ணு, இன்னும் நிறைய வாங்கணும்" என்றாய். நான் பக்கத்தில்தான் இருந்தேன். அவள் போனை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் பேசுவதற்குள் நீ வைத்துவிட்டாய்.

குழந்தை என்ன சொல்கிறாள் என்றுகூடக் காதில் வாங்காத அளவுக்கு என்ன அவசரம் அக்கா? எங்கள்மேல் ஏதாவது இருந்தால் நேராகச் சொல். அப்பா சாவுக்கு இரண்டு நாள் பிந்தி வந்தேன் என்பது இன்னும் உன் மனதில் இருக்கிறதா?

தம்பி


மே 28

அக்கா,

இரண்டு மாதமாகப் பதில் இல்லை. போன கடிதத்தில் கடுமையாக எழுதிவிட்டேன். அதை மற. உடம்புக்கு ஏதாவதா? வீட்டுப் போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. வேறு வழி தெரியாமல் நூலகத்துக்கும் ஒரு கடிதம் போட்டிருக்கிறேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

தம்பி


ஜூன் 18

மதிப்புக்குரிய ஐயா,

வணக்கம். நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. முதலில் கவலை நீங்கட்டும்: உங்கள் அக்கா நடமாட்டத்தோடு இருக்கிறார்கள், வேலைக்குப் போகிறார்கள். நான் இந்த நூலகத்தின் நூலகர். சொற்பொழிவுக் குழுவில் ஒன்பது வருடமாக அவர்களோடு வேலை செய்கிறேன். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

கடந்த நவம்பர் கூட்டத்தில், மேட்டுக் குடியிருப்பிலிருந்து வந்திருந்த ஒரு அம்மா எழுந்து கேள்வி கேட்டார். பேக்கரியில் மாவு பிசைகிறவர். விடியற்காலை நாலு நாற்பதுக்குக் கிளம்பும் முதல் பேருந்தை அவர்கள் பகுதிக்கு நிறுத்திவிட்டார்கள். தன்னைப் போன்றவர்கள் ஒரு மணி நேரம் இருட்டில் நடந்துபோகிறார்கள், நிறுத்தும் முன் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, இதற்கு உங்கள் தத்துவ அறிஞர் என்ன சொல்வார் என்று கேட்டார். உங்கள் அக்கா அவர் முகத்தையே பார்த்துப் புன்னகைத்து, "ரொம்ப அழகாச் சொன்னீங்க, நன்றி. அடுத்தவர்?" என்றார்கள். அந்த அம்மா உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த வாரம் பத்திரிகையில் வாசகர் கடிதம் வந்தது. கேட்கப்படும் உரிமையைப் பற்றி எழுதியவர் பெயரால் நடக்கும் கூட்டத்தில் ஒரு தொழிலாளியின் கேள்விக்கு இதுதான் மரியாதையா என்று. உங்கள் அக்கா மறுப்பும் சொல்லவில்லை, விளக்கமும் சொல்லவில்லை. தலைவர் இந்த வருடம் கேள்வி நேரத்தை வேறு யாராவது நடத்தட்டும் என்கிறார். அதற்கும் அவர்கள் சரி என்று தலையாட்டிவிட்டார்கள்.

எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. மார்ச்சில் அவர்களுக்குப் பின்னால் புத்தகத் தள்ளுவண்டி ஒன்று சரிந்து விழுந்தது. கூடமே திரும்பிப் பார்த்தது. அவர்கள் மட்டும் திரும்பவில்லை. அன்றிலிருந்து கவனிக்கிறேன். பேசுகிறவரின் உதட்டைத்தான் பார்க்கிறார்கள். நான் கேட்கத் துணியவில்லை. நீங்கள் தம்பி, கேட்கலாம். நான் சொன்னதாகச் சொன்னாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

உங்கள் வீட்டில் எல்லோரும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

நூலகர்


ஜூலை 1

அக்கா,

நாங்கள் மூவரும் சௌக்கியம். குருவிக்குப் புதுப் பல் கட்டியாகிவிட்டது, கண்ணாடி முன்னால் நின்று ரசிக்கிறாள்.

நூலகரம்மா எழுதினார். அவர்மேல் வருத்தப்படாதே, நான் போட்ட கடிதத்துக்குப் பதில்தான் அது. அக்கா, உனக்குக் காது சரியாகக் கேட்கவில்லை, அதுதானே? ஆமாம், இல்லை என்று ஒரே ஒரு சொல் எழுதினால் போதும். ஒன்றும் எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே. இத்தனை மாதமாக உன்மேல் கோபமாக இருந்ததை நினைத்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது. குருவியிடம் சொன்னேன். "அப்படின்னா அத்தைக்கு என்மேல கோவம் இல்ல" என்று அவள் ஒரு குதி குதித்தாள். அவளுக்கு அதுதான் செய்தி.

அப்பாவின் புத்தகத்தில் இருநூற்றுப் பதினேழாம் பக்கத்தில் ஒரு அடிக்குறிப்பு இருக்கிறது. உனக்குத் தெரிந்திருக்கும். எனக்கு யாரும் சொல்லவில்லை. 'கூட்டத்திலிருந்து எழுந்துபோகிறவனும் ஒரு கருத்தைச் சொல்லிவிட்டுத்தான் போகிறான். இதை எனக்குப் புரியவைத்தவன் என் மகன், சாப்பாட்டு மேசையிலிருந்து.' இடைவேளை முடிந்து மேற்பார்வையாளர் கீழேயிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். நான் இறங்கவில்லை. இத்தனை வருடம் அவர் என்னைக் கவனிக்கவே இல்லை என்று நினைத்திருந்தேன்.

டாக்டரிடம் போனாயா? அதை மட்டும் எழுது.

தம்பி


ஜூலை 16

என் தம்பிக்கு,

ஆமாம்.

அந்த ஒரு சொல்லோடு நிறுத்தத்தான் நினைத்தேன். காகிதம் மீதி இருக்கிறது, எழுதிவிடுகிறேன்.

மூன்று வருடமாகக் குறைந்துகொண்டே வருகிறது. டாக்டரிடம் போன வருடமே போனேன். "ஆம்பளைங்க குரல் ஓரளவுக்குக் கேக்கும்மா. பொம்பளைங்க குரலும் குழந்தைங்க குரலும்தான் முதல்ல போகும். கருவி வைச்சா சமாளிக்கலாம்" என்றார். சீட்டை வாங்கிவந்து பீரோவில் துணிக்கு அடியில் வைத்தேன். கேட்பதுதான் மனிதனுக்கு மனிதன் செய்யும் முதல் மரியாதை என்று ஊருக்கெல்லாம் சொன்னவரின் மகள் நான். எனக்கே கேட்கவில்லை என்று எந்த வாயால் சொல்வேன்?

விசாரணைச் சன்னலில் கண்ணாடி வேறு. ஆட்களின் உதட்டைப் பார்த்தே ஓட்டினேன். போன அக்டோபரில் ஒரு பெரியவர் ஆறாம் நம்பர் வண்டி எங்கே நிற்கும் என்று கேட்டார். எனக்கு நூறு என்று பட்டது. கடைசி மேடைக்கு அனுப்பினேன். நூறு போவது ஊருக்கு மறுகோடி. அவர் மனைவி ஆறு போகும் வழியில் உள்ள ஆஸ்பத்திரியில் இருந்தார். பார்வை நேரம் முடிந்த பிறகுதான் போய்ச் சேர்ந்திருக்கிறார். மறுநாள் வந்து சன்னல் முன்னால் நின்றார். திட்டவில்லை. "நீங்க சொன்னதை நம்பித்தாம்மா ஏறினேன்" என்றார். அது மட்டும் எனக்கு ஒரு எழுத்து விடாமல் கேட்டது. அன்றே மாற்றலுக்கு எழுதிக் கொடுத்தேன். உனக்கு 'நிம்மதி' என்று எழுதினேன்.

குருவி விஷயம். 'உடைஞ்சிடுச்சு' என்றது எனக்குக் 'கிடைச்சிடுச்சு' என்று விழுந்தது. ஏதோ பரிசு என்று நினைத்தேன். உன் கடிதத்தைப் படித்த பிறகு எனக்குப் பேனாவைத் தொடவே கை வரவில்லை. இரண்டு மாதம் போனது அதனால்தான். அப்பா சாவுக்கு நீ பிந்தியது என் மனதில் ஒருநாளும் இல்லை. அதை இன்றோடு நீயும் கீழே போட்டுவிடு.

அந்தப் பேக்கரி அம்மாவின் கேள்வியைப் பத்திரிகையில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். எனக்கு அன்று கேட்டதெல்லாம் ஒரு முணுமுணுப்பு. அதைவிடப் பெரிய விஷயம், நேற்று எங்கள் பிரிவின் பழைய கோப்பை எடுத்துப் பார்த்தேன். நாலு நாற்பது வண்டியை நிறுத்திய தாளில் இப்படி இருக்கிறது: 'சராசரிப் பயணிகள்: பதினொரு பேர். ஆட்சேபணை: இல்லை.' யாரையும் கேட்காவிட்டால் ஆட்சேபணை எங்கிருந்து வரும்?

ஞாயிற்றுக்கிழமை மேட்டுக் குடியிருப்புக்குப் போகப்போகிறேன். என்ன சொல்லப்போகிறேன் என்று தெரியவில்லை. கருவிக்கு அளவு கொடுத்துவிட்டேன்.

குருவியின் புதுப் பல்லைப் படம் எடுத்து அனுப்பு.

அக்கா


செப்டம்பர் 9

அன்புத் தம்பிக்கு,

நீயும் வீட்டாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்கு உடம்பு தேவலை, காதுதான் கலவரத்தில் இருக்கிறது. கருவி வந்து மூன்று வாரம். நாளிதழைப் புரட்டினால் இத்தனை சத்தம் வரும் என்று மறந்தே போயிருந்தேன். குழாயைத் திறந்தால் யாரோ கைதட்டுகிற மாதிரி இருக்கிறது. அறைக்குள் ஒருவர் பேசினால் பரவாயில்லை. கூடத்தில் எல்லாம் கலங்கிவிடுகிறது. அதற்குக் கருவி போதாதாம்.

பேக்கரி அம்மா வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்து என்னைப் பார்த்ததும் அவர் முகம் இறுகிவிட்டது. நின்றபடியே சொன்னேன்: "அன்னைக்கு நீங்க கேட்டது எனக்குக் கேக்கலை. காது போயிடுச்சு. அதைச் சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டுச் சிரிச்சுட்டேன்."

அவர் என்னை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, நாற்காலியை என் முழங்கால் இடிக்கும் அளவுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார். "நீங்க என் மூஞ்சியப் பாத்துக்கிட்டே அடுத்தவர்னு சொன்னீங்க. அதுதான் வலிச்சுது. மாவு மெஷின் ஓடும்போது எங்களுக்கும்தான் ஒண்ணும் கேக்காது. பக்கத்துல போய்ப் பேசுவோம். சொல்லியிருந்தா மேடைக்கே ஏறி வந்திருப்பேனே."

அத்தனை எளிதாக முடிந்துவிட்டது தம்பி. மூன்று வருடம் நான் தூக்கிச் சுமந்ததை அவர் ஒரு நாற்காலியை இழுத்துத் தீர்த்துவிட்டார். இரண்டு மணி நேரம் பேசினோம். அந்தப் பதினொரு பேரும் யார் யார் என்று எனக்கு இப்போது தெரியும். மூன்று பேர் ஆஸ்பத்திரி துப்புரவு, ஒருவர் பால் வண்டி, மீதிப் பேர் பேக்கரி.

அடுத்தது குழுக் கூட்டம். நான் இரண்டு விஷயம் வைத்தேன். ஒன்று, என் காது. இரண்டு, பத்தாவது சொற்பொழிவை அந்த அம்மா செய்யட்டும் என்பது. பேசுவதை உடனுக்குடன் தட்டித் திரையில் காட்ட நீதிமன்றத் தட்டச்சர் ஒருவர் ஒத்துக்கொண்டிருக்கிறார், அவரை நூலகரம்மா பிடித்துவிட்டார்.

"ஒரு நிமிஷம்" என்றார் மாமா. "பத்தாவது வருஷம்மா. வெளிநாட்டுச் சட்ட அறிஞர்கிட்ட ஏற்கெனவே பேசிட்டேன். பெரிய ஆளா இருக்கணும்."

"பெரிய ஆள்னா எவ்வளவு உயரம் வேணும்?" என்றார் நூலகரம்மா.

நான் சொன்னேன்: "மாமா, அப்பா அறுநூறு பக்கம் எழுதினாரு. எந்தப் பக்கத்திலயாவது பெரிய ஆளைக் கேளுன்னு எழுதியிருக்காரா?"

அவர் வாயைத் திறந்தார், மூடினார். என் வாழ்நாளில் முதல்முறையாக அவருடைய ஒரு நிமிடம் ஒரு நிமிடமாகவே இருந்தது. பிறகு, "அவரைப் பத்தியே பேசிப் பேசி, அவர் சொன்னதை விட்டுட்டேன் போல" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அறிஞருக்கு நான் எழுதிடறேன். கேள்வி நேரம் நீயே நடத்து."

அலுவலகத்தில் அவ்வளவு சுலபமில்லை. நாலு நாற்பது வண்டியைப் பற்றி ஒரு குறிப்பு எழுதி மேலதிகாரிக்கு வைத்தேன். "வந்து ஒரு வருஷம்கூட ஆகலை, கோப்பைத் தோண்ட ஆரம்பிச்சுட்டீங்க. சன்னலுக்கே திருப்பி அனுப்பிடுவேன்" என்றார். பாதி வேடிக்கை, பாதி நிஜம். முகத்தைப் பார்த்தே அளவு சொல்வேன் நான். கூட்டத்துக்கு வந்து ஒருமுறை உட்காருங்கள் சார் என்று மட்டும் கேட்டேன். எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது.

நவம்பர் பதினாறு. வருவாயா?

அக்கா


அக்டோபர் 4

அக்கா,

எல்லோரும் சுகம். முழங்கால் தேறிவிட்டது, லிஃப்ட் ஓடுகிறது, நானும் அதில் ஏறுகிறேன்.

டிக்கெட் எடுத்தாகிவிட்டது. நானும் குருவியும் பதினைந்தாம் தேதி வருகிறோம். எனக்கு நாலு நாள் லீவுதான். பேசமாட்டேன் என்று சொன்னதை மாற்றிக்கொள்கிறேன்: இரண்டு நிமிடம், அந்த அடிக்குறிப்பை மட்டும் படித்துவிட்டு இறங்கிவிடுவேன். மேலதிகாரி மிரட்டினால் மிரட்டட்டும். உன்னைச் சன்னலுக்கு அனுப்பினால் கண்ணாடியை நான் கழற்றிவிட்டுப் போகிறேன், ஸ்பானர் கொண்டுவருவேன்.

குருவி உன் முன்னால் நின்று எப்படிப் பேசுவது என்று கண்ணாடியைப் பார்த்துப் பழகுகிறாள். வாயை இப்படி அகட்டி. பயந்துவிடாதே.

தம்பி


டிசம்பர் 2

அன்புத் தம்பிக்கு,

நீங்கள் ஊர் போய்ச் சேர்ந்த செய்தி கிடைத்தது. பயண அலுப்புத் தீர்ந்ததா? எனக்கு நலம்தான். வீடுதான் வெறிச்சென்று இருக்கிறது.

நீங்கள் இங்கே இருந்த மூன்று நாளும் வீட்டில் ஆள் மாற்றி ஆள். ஒரு பேச்சும் முழுதாகப் பேச முடியவில்லை. அதனால் மீதியை இங்கே எழுதுகிறேன். மேலதிகாரி சொற்பொழிவுக்கு வந்திருந்தாராம். மூன்றாவது வரிசையில், ஓரமாக. நான் பார்க்கவே இல்லை. திங்கட்கிழமை என் மேசைக்கு வந்து, "அந்தப் பதினொரு பேரையும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரச்சொல்லுங்க" என்றார். வந்தார்கள். இருபத்தாறு பேர் வந்தார்கள். வண்டி நின்றதால் வேலையை மாற்றிக்கொண்டவர்கள், வேலையையே விட்டவர்கள் எல்லோரும். அவர்கள் எந்தக் கணக்கிலும் இல்லை. ஜனவரி முதல் ஆறு மாதத்துக்குச் சோதனையாக நாலு நாற்பது வண்டி ஓடும். ஆறு மாதத்துக்குப் பிறகு என்ன என்பது தெரியாது. ஆனால் இந்த முறை தாளில் 'கேட்கப்பட்டவர்கள்' என்று ஒரு பத்தி இருக்கிறது. அதை நான் சேர்த்தேன்.

இன்னொரு தடத்தில் நிறுத்தம் மாறியதைப் பற்றி அடுத்த நாளே ஒருவர் மாடிப்படி ஏறி வந்துவிட்டார். யாரும் கேட்டு வராத பிரிவு என்று உனக்கு எழுதியிருந்தேன், அது இனி இல்லை.

ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் எழுது. அன்று நான் மேடையில் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். கூட்டம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. நீ அடிக்குறிப்பைப் படித்துவிட்டுக் கடைசி வரிசைக்குப் போய்விட்டாய். இரண்டு இடத்தில் அந்த அம்மா பேச்சை நிறுத்திவிட்டு நின்றார். தடுமாறிவிட்டாரா? திரையினால் தொந்தரவா? அடுத்த வருடத்துக்குத் தெரிந்துகொள்ள வேண்டும்.

குருவிக்கு முத்தம். உன் மனைவியை அடுத்த முறை விட்டுவிட்டு வராதே.

அக்கா


டிசம்பர் 20

அன்பு அக்கா,

இங்கே மூவரும் நலம். உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன், ஒருமுறை எனக்காக, ஒருமுறை சத்தமாக வீட்டுக்காக.

நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். கூடத்தில் இடமில்லை. எனக்குப் பின்னால் சுவரோரம் ஆட்கள் நின்றார்கள். திரைக்குப் பக்கத்து மூன்று வரிசையில் உன்னைப் போன்றவர்கள் உட்கார்ந்திருந்தார்கள், நூலகரம்மா எங்கிருந்தெல்லாம் அழைத்துவந்தாரோ தெரியாது. ஒருவர் என் பக்கத்து ஆளிடம், பன்னிரண்டு வருடம் கழித்து ஒரு கூட்டத்துக்கு வந்திருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஊருக்கே கேட்கிற குரலில்.

அந்த அம்மா தடுமாறவில்லை. நடந்ததைச் சொல்கிறேன். அவர் ஓரிடத்தில், "எங்களை யாரும் கேக்கலை. ஆனா ஒருநாள் ரொட்டி வரலைன்னு வையுங்க, ஊரே வந்து கேக்கும்" என்றார். கூடம் சிரித்தது. சிரிப்பு அடங்கி அவர் அடுத்த வரிக்குப் போக வாயெடுத்தார். அப்போதுதான் அந்த எழுத்துகள் திரையில் ஏறின. திரைப்பக்கத்து மூன்று வரிசையும் சிரித்தது. தனியாக, தாமதமாக. அவர் திகைத்து அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். நீ பார்த்தது அதைத்தான்.

அதற்கப்புறம் ஒவ்வொரு முறையும் அவர் காத்திருந்தார் அக்கா. ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு, எழுத்து ஏறி முடியும்வரை நின்றார். இரண்டு இடத்தில் இல்லை, ஏழெட்டு இடத்தில். யாரும் அவசரப்படவில்லை. கடைசிக் கால்மணி நேரத்தில் என் வரிசைக்காரர்களும் உடனே சிரிப்பதை விட்டுவிட்டார்கள். பொறுத்திருந்து, திரையும் சொல்லி முடித்த பிறகு, எல்லோரும் ஒன்றாகச் சிரித்தார்கள். ஒரு நிமிஷம் மாமாகூட.

திரையால் தொந்தரவு இல்லை. அதை எடுத்துவிடாதே. கொஞ்சம் உயர்த்தி மட்டும் கட்டு.

இதை அங்கேயே சொல்லியிருக்க வேண்டும், ஆள் கூட்டத்தில் வாய் வரவில்லை. முதல் முறை அந்தப் பிந்திய சிரிப்பு எழுந்தபோது அதற்குள் உன் குரலைக் கேட்டேன். ஒலிபெருக்கி உன் முன்னால் இருந்ததை நீ மறந்துவிட்டாய். கூடம் முழுக்கக் கேட்டது.

உன் தம்பி